தேய்ந்து காக்கும் தட்டு

கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு 1920ஆம் ஆண்டில் தம் முதற் பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அவருக்கு இயந்திர அறிவை ஊட்டியது பள்ளிக்கூடமன்று. உழைத்துச் சேர்த்த பொருளால் வாங்கிய மோட்டார் சைக்கிள் ஒன்றேயாம். அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மீண்டும் பூட்டிப் பழகியே அவர் அத்துறையில் தேர்ந்தார். பொள்ளாச்சியினின்று உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் வழியாகப் பழனிக்குச் செல்லும் சாலைக்கு அண்மையில் உள்ள ஊர் கணியூர். இத்தகைய ஊர்களில் வயலுக்கும் ஆலைக்கும் சந்தைக்கும் செல்வோர் பலருக்கு இன்று மோட்டார் சைக்கிளே துணை. அவ்வண்டி ஒருநாள் நின்றால் அன்றைய கூலியும் போய்விடும். அதன் சிறந்த உறுப்பாகிய கிளட்சைப் பற்றியும், தேய்ந்ததனை வீட்டிலேயே மாற்றும் முறையைப் பற்றியும் இங்குக் காண்போம்.

இயந்திரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே வண்டி நிற்றல் வேண்டும். நின்ற வண்டி குலுங்காமற் புறப்படுதலும் வேண்டும். அதற்காக இயந்திரத்தின் சுழற்சியைச் சக்கரத்தோடு சேர்த்தும் பிரித்தும் வைக்கும் இணைப்பே கிளட்ச். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில், உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டுகளும் எஃகுத் தட்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டு எண்ணெயில் தோய்ந்திருக்கும். சுருள்வில்கள் அவ்வடுக்கை அழுத்திப் பிடிக்கின்றன. இடக்கைப் பிடியை இழுத்தால் தட்டுகள் பிரியும். விட்டால் மீண்டும் பற்றும். முழுதும் பற்றுமுன் அவை சிறிது வழுக்கும். அவ்வழுக்கலாலேயே வண்டி மெல்லப் புறப்படுகிறது. அதனாலேயே தட்டும் தேய்கிறது.

மேட்டில் ஏறுங்கால் இயந்திரம் இரைந்தும் வண்டி விரைவு கொள்ளவில்லையெனில், கிளட்ச் வழுக்குகிறது என்று அறியலாம். ஆயினும் உடனே பிரித்தலாகாது. கிளட்ச் கம்பி அளவுக்கு மேல் இறுகியிருப்பினும், வண்டிக்கு ஒவ்வாத எண்ணெய் ஊற்றியிருப்பினும் இக்குறை தோன்றும். இவற்றைத் திருத்திய பின்னரும் வழுக்கல் நீங்காவிடின் தட்டுகளை ஆராய வேண்டும்.

மாணவர்கள் இவ்வேலையைத் தனித்துச் செய்தலாகாது. பழகிய பெரியவர் ஒருவரோடு செய்க. இயந்திரம் ஆறிய பின், எண்ணெயை ஒரு கலத்தில் வடித்துக்கொள்க. அதனை வாய்க்காலில் ஊற்றினால் நீரும் நிலமும் கெடும். கம்பியைத் தளர்த்திப் பக்க மூடியைக் கழற்றுக. சுருள்வில்களை இறுக்கும் போல்ட்டுகளை ஒன்றை முற்றக் கழற்றாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துக. எடுத்த தட்டுகளைத் தூய துணியின்மேல் வரிசையாகப் பரப்புக. எது முன்னது, எப்பக்கம் வெளிப்பக்கம் எனக் குறித்துக்கொள்க. உராய்வுத் தட்டின் தடிப்பை, வண்டியின் கையேட்டில் உள்ள குறைந்த அளவோடு ஒப்பிடுக. எஃகுத் தட்டைச் சமமான கண்ணாடியின்மேல் வைத்து, அது வளைந்துள்ளதா எனப் பார்க்க. புதிய உராய்வுத் தட்டுகளை எண்ணெயில் நன்கு ஊறவைத்து, முன்னைய வரிசையிலேயே அடுக்குக. போல்ட்டுகளை எதிரெதிராக, கையேடு கூறும் அளவிற்கு இறுக்கிப் புதிய பாக்கிங் வைத்து மூடுக. உரிய எண்ணெய் ஊற்றிப் பிடியின் தளர்வைச் சரிசெய்த பின்னரே வண்டியை ஓட்டிப் பார்த்தல் தகும்.

காரின் கிளட்சோ இயந்திரத்திற்கும் கியர் பெட்டிக்கும் இடையே உள்ளது. அதை மாற்றக் கனத்த கியர் பெட்டியை இறக்க வேண்டும். ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டியின் அடியிற் புகுவது உயிருக்கு இடராகும். மேலும், பழைய தட்டுகள் சிலவற்றில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் உண்டு. ஆதலின் அத்தூசியை ஊதலாகாது. அவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுதலே அறிவுடைமை.

தான் தேய்ந்து, இயந்திரத்தையும் பற்சக்கரங்களையும் அதிர்ச்சியினின்று காப்பது இத்தட்டு. பிடியைப் பாதி இழுத்தவாறே ஓட்டும் வழக்கத்தை விட்டால் அது நெடுநாள் உழைக்கும். தேய்ந்தபோது மாற்றுவதும் அரிதன்று. பிரித்தல் எவர்க்கும் எளிது. வரிசை மாறாமற் பூட்டுதலே தொழிலறிவு.