படிப்பு ஏறாத பிள்ளை மக்கு அல்ல

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை கதை நன்றாகச் சொல்லும். கடைக்கணக்கும் சரியாகப் பார்க்கும். ஆனால் மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறதா? கொம்பையும் காலையும் மாற்றிப் போடுகிறதா? “இதுக்குப் படிப்பு ஏறாது, தறிக்கு அனுப்பிடலாம்” என்று முடிவு கட்டாதீர்கள்.

முதலில் கண்ணையும் காதையும் சோதித்துப் பாருங்கள். அவை சரியாக இருந்தால், இது டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். எழுத்தையும் ஒலியையும் மூளை இணைப்பதில் உள்ள சிரமமே இது. அறிவுக் குறைவும் அல்ல, சோம்பலும் அல்ல. பரம்பரையாகவும் வரும். “உன் வளர்ப்புதான் சரியில்லை” என்று கணவனும் மனைவியும் சண்டை போடுவதில் பயனில்லை.

வீட்டில்: தினமும் கால் மணி நேரம், மணலில் விரலால் எழுத்தை எழுதிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்லச் செய்யுங்கள். பாடத்தை யாராவது வாசித்துக் காட்டட்டும். படிக்கத் தெரியாத பெற்றோர், கேட்ட பாடத்தைப் பிள்ளை வாயால் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். அடிக்கவே கூடாது.

பள்ளியில்: முன்வரிசையில் உட்கார வைக்கவும், வாய்மொழியாகக் கேள்வி கேட்கவும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். வட்டார வள மையச் சிறப்பாசிரியரின் உதவியையும் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இக்குறைபாடும் அடங்கும். அரசு மருத்துவமனையில் பரிசோதித்துச் சான்றிதழ் பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு.

நாளைக்கே ஆசிரியரைப் பாருங்கள். பிள்ளையின் வயசு காத்திருக்காது!