ஓய்வும் ஊழியமே!

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே ரயில் பாதையோரம் உள்ள அனுப்பம்பட்டிலிருந்து பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்கள் வரை பரந்து கிடக்கும் இப்பகுதியில் கிறிஸ்தவத்தின் வரலாறு நீண்டது. பழவேற்காட்டின் மகிமை மாதா திருத்தலம் போர்ச்சுகீசியர் காலத்தில், 1515-இல் தோன்றியதாகச் சொல்லப்படுகிறது. இத்தகைய கடலோர ஊர்களில் அருட்தந்தையோ போதகரோ வழிபாடு நடத்துபவராக மட்டும் இருப்பதில்லை. கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில் முதலில் சென்று அமர்பவர் அவர். கடன், குடி, குடும்பச் சண்டை, பிள்ளையின் கல்விக் கட்டணம் என எதற்கும் தட்டப்படும் கதவு அவருடையது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர் தொழில் முடங்கியது. அதுபோன்ற காலங்களில் ஊரின் துயரம் முழுவதும் அந்தக் கதவருகே வந்து நிற்கும்.

பிறர் துயரத்தை ஆண்டுக்கணக்கில் சுமப்பவர் ஒருநாள் தாமே வெறுமையாகிப் போகிறார். ஜெபிக்கக் கற்றுக்கொடுப்பவருக்கே ஜெபம் வறண்டுவிடுகிறது. வாய் பிரசங்கிக்கிறது, உள்ளம் அதில் இல்லை. இதை வெளியே சொன்னால் 'விசுவாசக் குறைவு' என்று பெயர் வருமோ என அஞ்சி அவர் மௌனமாகிறார். அந்த மௌனம் சோர்வைவிட ஆபத்தானது.

பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் முறையாக வரையறுத்தது. அதை நோய் என்று அது கூறவில்லை. முறையாகக் கையாளப்படாத நீடித்த பணி அழுத்தத்தின் விளைவு என்றது. ஆற்றல் வற்றிப்போதல், பணியிடமிருந்து மனம் விலகிக் கசத்தல், செய்யும் வேலையில் பயனில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். அலுவலகப் பணியாளரைக் குறித்துச் சொல்லப்பட்ட இம்மூன்றும் பிரசங்க மேடைக்கும் பொருந்தும்.

திருச்சபைக்கு இது புதிய செய்தியன்று. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ் இந்த நிலையை 'நண்பகல் பேய்' என்ற பெயரால் விவரித்தார். சூரியன் நகராததுபோல் தோன்றும். இருக்கும் இடம் வெறுக்கும். உடனிருப்போரிடம் அன்பே இல்லை என்று படும். வேறெங்காவது போய்விடலாம் என மனம் தூண்டும். தவமே வாழ்வாகக் கொண்டவர்களையும் சோர்வு தீண்டும் என்பதை அன்றே அறிந்திருந்தனர்.

விவிலியத்தில் இதற்குச் சிறந்த சான்று எலியா. கர்மேல் மலையில் பெரும் வெற்றி கண்ட அந்தத் தீர்க்கதரிசி, அரசியின் மிரட்டலுக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவை வேண்டினார். இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூதன் வந்து அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். எலியா உண்டு மீண்டும் உறங்கினார். இரண்டாம் முறையும் உணவு வந்தது. அதன் பின்னரே நெடும்பயணமும் ஓரேப் மலையில் உரையாடலும். இறுதியில், தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாகப் புலம்பியவருக்கு இன்னும் ஏழாயிரம் பேர் உண்டு என்ற செய்தியும், எலிசா என்னும் துணையும் கிடைத்தன. உறக்கம், உணவு, உரையாடல், துணை என்ற இந்த வரிசை கவனிக்கத்தக்கது. நாமோ சோர்ந்தவரிடம் முதலிலேயே அறிவுரையைக் கொண்டு செல்கிறோம்.

மோசேயின் மாமனார் எத்திரோ இன்னொரு பாடம் கற்பித்தார். காலை முதல் மாலை வரை தனியொருவராக வழக்குகளைத் தீர்த்துக்கொண்டிருந்த மருமகனிடம், நீயும் உன் மக்களும் சேர்ந்து தளர்ந்துபோவீர்கள் என எச்சரித்து, பொறுப்பைப் பலருக்கும் பகிர்ந்தளிக்கச் செய்தார். உண்ணவும் நேரமின்றி மக்கள் மொய்த்த வேளையில் இயேசு தம் சீடரைத் தனியிடத்துக்கு இளைப்பாற அழைத்ததை மாற்கு பதிவு செய்திருக்கிறார். தேவை முடிந்த பிறகு ஓய்வு என்று அவர் காத்திருக்கவில்லை. தேவை ஒருபோதும் முடிவதில்லை.

எல்லா வறட்சியும் ஓய்வால் தீர்ந்துவிடும் என்றும் சொல்ல இயலாது. அன்னை தெரசா பல பத்தாண்டுகள் கடவுள் விலகிப்போனதுபோன்ற இருளைத் தமக்குள் சுமந்தார் என்பது, அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின் 2007-இல் வெளியான கடிதங்களால் உலகுக்குத் தெரியவந்தது. ஆயினும் அவர் அந்த இருளில் முற்றிலும் தனித்திருக்கவில்லை. அருட்தந்தை நாய்னர் போன்ற ஆன்ம வழிகாட்டிகள் சிலரிடம் மனம் திறந்தார். புனிதராக உயர்த்தப்பட்ட ஒருவருக்கே செவிகொடுக்க ஆள் தேவைப்பட்டது என்றால், சிற்றூர்ப் போதகருக்குத் தேவையிராதா?

பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்றொரு மரபு உண்டு. ஏரியில் இறால் வாய்ப்புள்ள இடங்களைக் குழுக்களாகப் பிரிந்து, முறைவைத்து மாறிமாறிப் பயன்படுத்துவர். எவர் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்பது ஊர் கூடி வகுத்த ஒழுங்கு. கிறிஸ்தவத் தமிழிலோ 'பாடுகள்' என்றால் இயேசு சுமந்த துன்பம். ஊழியர்கள் இரண்டாம் பொருளை நன்கறிவர். முதற்பொருளையும் அறிய வேண்டும். சுமை உண்டு என்றால் முறையும் இருக்க வேண்டும்.

சபைகள் செய்யக்கூடியவை எளியவை. ஞாயிறன்றி வாரத்தில் ஒரு நாள் போதகருக்கு முழு ஓய்வு. அந்நாளில் நோயாளியைச் சந்திக்கும் பொறுப்பு சபை மூப்பர்களுக்கு. ஆண்டுக்கொரு முறை மாற்று ஆளுடன் விடுப்பு. பேராயத்தின் ஆதரவு இல்லாத தனிச் சபைகளின் போதகர்கள், அண்டை ஊர்களுடன் பிரசங்க மேடையைப் பரிமாறிக்கொள்ளலாம். தம் சபைக்கு வெளியே, எதையும் அஞ்சாமல் பேசத்தக்க மூத்தவர் ஒருவர் ஒவ்வோர் ஊழியருக்கும் வேண்டும். போதகரின் மனைவி மக்களும் ஊதியமில்லா ஊழியர்களாகவே நடத்தப்படும் வழக்கமும் மாற வேண்டும். உறக்கமின்மையும் நம்பிக்கையிழப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை நாடுவதில் இழுக்கில்லை. அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416 எல்லாருக்கும் உரியது.

ஊழியர் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. வேதத்தைப் பிரசங்கத்துக்காக மட்டுமே புரட்டும் பழக்கத்திலிருந்து மீண்டு, தமக்காகவும் அதை வாசிக்க வேண்டும். முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் கடல்நீர் வந்துபோகும் வழி தூர்ந்தால், ஏரியில் மீன்வளம் குன்றும் என்பதைப் பழவேற்காட்டு மக்கள் அனுபவத்தால் அறிவர். பெறும் வழி தூர்ந்த பின் கொடுத்துக்கொண்டே இருக்க எவராலும் முடியாது.

தங்கள் போதகர் களைத்திருக்கிறாரா என்று ஒரு சபை கேட்கத் தொடங்கும் நாளில், அவர் தம் களைப்பை மறைக்கத் தேவையிராது. அதுவே மீட்சியின் முதற்படி.