உடம்புக்குள் ஒரு கண்ட்ரோல் ஆபீஸ்

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவனுக்கு எய்ட்ஸைப் பற்றி எழுத என்ன வேலை என்று சங்கத்து நண்பர்கள் கேட்கக்கூடும். போன தீபாவளி கழிந்த வாரம் ஓர் அம்மாள் என் வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் போனதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

அவருடைய கணவர் என்னிடம் கலாசியாக இருந்தவர். 1996-ல் இந்த நோயில் போய்விட்டார். விஷயம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் டிப்போவில் அவருக்குத் தனி டம்ளர். யாரும் உத்தரவு போடவில்லை, தானாக வந்துவிட்டது. ஜன்னல் மேடையில் அது மட்டும் தனியாகக் கவிழ்ந்திருப்பதைத் தினமும் பார்த்தேன். இன்சார்ஜ் நான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாறியிருக்கும். சொல்லவில்லை. டம்ளரால் இது தொற்றாது என்பது அப்போதே பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த செய்திதான்.

வாரிசு வேலை அந்த அம்மாளுக்குக் கிடைத்தது. அவருக்கும் தொற்று இருந்தது. 2007-ல் காசநோய் வந்து படுத்தபோது பரிசோதித்தார்கள். சி.டி.4 அணுக்கள் 140. அன்றிலிருந்து அரசு தரும் இலவச மாத்திரையைச் சாப்பிட்டு, வேலையை முடித்து ரிடையரும் ஆகிவிட்டார். இப்போது 700. "சாஹேப், எண்ணிக்கை நல்லா இருக்கு, உடம்பும் நல்லா இருக்கு. இன்னும் எதுக்கு மாத்திரை? நிறுத்திடலாமா?" இதுதான் கேள்வி. டாக்டரிடம் கேட்டாராம். "நிறுத்தக்கூடாது" என்றாராம். ஏன் என்று சொல்ல அவருக்கு நேரமில்லை. வெளியே நூறு பேர் வரிசை.

ஒரு வாரம் கழித்து வாருங்கள் வஹினி என்று சொல்லி அனுப்பினேன். என் மருமகள் மைக்ரோபயாலஜி படித்தவள். அவள் சொல்லிக் கொடுத்தது பாதி, புத்தகம் பாதி.

நம் ரத்தத்தில் சி.டி.4 என்ற வெள்ளை அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 500 முதல் 1500 வரை இருப்பது இயல்பு. இவற்றை செக்‌ஷன் கண்ட்ரோலராக வைத்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோலர் எஞ்சின் ஓட்டமாட்டார், பாயிண்ட் மாற்றமாட்டார். போனில் உத்தரவு கொடுப்பார், செக்‌ஷன் முழுக்க ஓடும். சி.டி.4 அணுவும் பெரும்பாலும் கிருமியைத் தானே கொல்வதில்லை. பி அணுக்களுக்குச் சொல்லி எதிர்ப்பொருள் செய்ய வைக்கும். சி.டி.8 அணுக்களுக்குச் சொல்லி, கிருமி புகுந்த அணுக்களை அழிக்க வைக்கும். காசநோய்க் கிருமியை விழுங்கி வைத்திருக்கும் பெரிய அணுக்கள் உண்டு; அவற்றுக்கும் இதன் உத்தரவு வந்தால்தான் உள்ளே இருக்கும் கிருமியைக் கொல்லும் பலம் வரும். நம் நாட்டில் எத்தனையோ பேர் நெஞ்சில் இந்தக் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. உத்தரவு நின்றால் அது விழித்துக்கொள்ளும். அந்த அம்மாளுக்கு முதலில் காசநோய் வந்தது இப்படித்தான்.

ஹெச்.ஐ.வி. வைரஸ் நேராகக் கண்ட்ரோலர் மேலேயே கை வைக்கிறது. அணுவின் மேலுள்ள சி.டி.4 என்ற கொக்கியில் மாட்டி உள்ளே நுழைந்து, தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, நம் அணுவின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே தைத்துவிடுகிறது. அப்புறம் அந்த அணு வைரஸ் செய்யும் தொழிற்சாலை. சிகிச்சை இல்லாவிட்டால் எட்டுப் பத்து வருடத்தில் எண்ணிக்கை 200-க்குக் கீழே வரும். அதைத்தான் எய்ட்ஸ் என்கிறார்கள்.

இதுவரை நானும் ஓரளவு அறிந்ததுதான். மருமகள் விடவில்லை. "மாமா, வைரஸ் கொன்னுச்சு, எண்ணிக்கை குறைஞ்சதுன்னு முடிச்சுடாதீங்க. சாகுற அணுக்கள்ல பெரும்பாலானதுக்குள்ள வைரஸ் பெருகவே இல்லை" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சிக்னல்காரனுக்கு இது புரியும். ட்ராக் சர்க்யூட்டில் தண்டவாளம் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் ஓடும். ரயில் வந்தால் ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகும். வயர் அறுந்தாலும், பாட்டரி தளர்ந்தாலும் அதே சிவப்புதான். சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்து என்பது எங்கள் வேதம். அணுவிலும் அப்படி ஓர் ஏற்பாடு. சும்மா இருக்கும் சி.டி.4 அணுவுக்குள் வைரஸ் நுழைந்து டி.என்.ஏ. செய்ய ஆரம்பிக்கும், முடிக்க முடியாமல் பாதியில் நிற்கும். அந்த அரைகுறைத் துண்டை அணு கண்டுபிடித்துவிடும். ஆபத்து என்று தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். சான் பிரான்சிஸ்கோவில் வார்னர் கிரீன் குழுவினர், ஆபரேஷனில் எடுத்த டான்சில் போன்ற திசுக்களை வைத்து இதை 2013-14-ல் விளக்கிக் காட்டினார்கள். அவர்கள் கண்டதில் சாகும் அணுக்களில் சுமார் 95 சதவீதம் இப்படித் தானே எரிந்து போகிறவை.

எரியும் அணு உடைந்து, உள்ளிருக்கும் வீக்கம் உண்டாக்கும் பொருள்களைக் கொட்டுகிறது. அது அபாயச் சங்கு மாதிரி. சங்கு கேட்டு இன்னும் சி.டி.4 அணுக்கள் ஓடி வருகின்றன. வந்தவையும் எரிகின்றன. பாதுகாப்புக்கு வைத்த கருவியே செக்‌ஷனை முடக்குகிறது. நான் சர்வீஸில் பார்த்த பெரிய முடக்கங்களும் விபத்தால் வந்தவை அல்ல. மழையில் கேபிள் நனைந்து எல்லாம் சிவப்பு விழுந்து, வண்டிகள் மணிக்கணக்கில் நின்றவைதான்.

இன்னொரு இடம் குடல். தொற்றிய சில வாரங்களிலேயே குடல் சுவரில் இருக்கும் சி.டி.4 அணுக்கள் ஏராளமாகப் போய்விடுகின்றன. சுவர் ஒழுகுகிறது. குடல் பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கலக்க, சங்கு நிற்காமல் ஊதுகிறது. ராப்பகலாக டியூட்டி பார்த்த சி.டி.8 அணுக்கள் களைத்து, கிருமியைக் கண்டும் கை ஓங்காமல் நிற்கின்றன. பி அணுக்கள் ஆளுக்கொரு எதிர்ப்பொருளைத் தாறுமாறாகச் செய்து தள்ளுகின்றன. உருப்படியாக ஒரு தடுப்பூசி போட்டால் அதற்குச் சரியாகப் பதில் தருவதில்லை. ஆட்கள் இருக்கிறார்கள், சத்தம் இருக்கிறது, வேலை நடப்பதில்லை.

அடுத்த வாரம் வந்த வஹினிக்கு இதை மராட்டியும் ஹிந்தியும் கலந்து சொன்னேன். சிக்னல் ஸ்டோரில் இருந்தவர், சிவப்பு விழுவது என்றதும் பிடித்துக்கொண்டார். "மாத்திரை வைரஸைக் கொன்னாச்சு, சங்கும் அடங்கியாச்சு. அப்புறம் எதுக்கு?" மறுபடி அதே இடத்துக்கு வந்தார்.

மாத்திரை, வைரஸ் புதிய அணுக்களில் குடியேறுவதைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே தைத்துக்கொண்டு சில அணுக்களில் தூங்கும் வைரஸை அது தொடுவதில்லை. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் எழுந்துவிடும். "எண்ணிக்கை நன்றாக இருக்கும்போது நிறுத்தி, குறைந்தால் மறுபடி கொடுக்கலாமே" என்று இவர் கேட்டதையே டாக்டர்களும் யோசித்து, 33 நாடுகளில் 5,472 பேரிடம் சோதித்தார்கள். 2006 ஜனவரியில் பாதியிலேயே அதை நிறுத்தவேண்டி வந்தது. விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களிடம் நோயும் மரணமும் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தன. இருதயம், ஈரல், சிறுநீரகக் கோளாறுகளும் அவர்களுக்கே அதிகம். சங்கு மறுபடி ஊதியதன் விலை அது.

இந்த நோய் நம் நாட்டில் இருக்கிறதென்று 1986-ல் சென்னையில் முதலில் கண்டுபிடித்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் என்று சொன்னேன். சுனிதி சென்னையில் வாழ்ந்த மராட்டியக் குடும்பத்தில் பிறந்தவர். நாம் இங்கே வந்தது போல அவர்கள் அங்கே போனவர்கள். வஹினிக்கு இதுதான் எல்லாவற்றையும் விடப் பிடித்திருந்தது. "ஆம்சி முல்கி" என்றார், எங்கள் பெண் என்று.

அதற்குள் என் மனைவி காபி கொண்டு வந்தாள். எல்லோருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர். வஹினி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டிப்போ ஜன்னல் அவருக்கும் தெரியும். அவர் எதுவும் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன், அப்போது தப்பு செய்துவிட்டேன் என்று. "அவர் ராத்திரி வந்து சொல்லுவார் சாஹேப்" என்றார். என்ன சொல்லுவார் என்று நான் கேட்கவில்லை.

நாலரை பாசஞ்சருக்கு ஸ்டேஷன் வரை போய் ஏற்றிவிட்டேன். வைரஸ் அளவு பார்க்கும் பரிசோதனைக்கு அடுத்த மாதம் பத்தாம் தேதி போகவேண்டுமாம். போகிறேன் என்றார்.