உங்களுக்குத் தெரியுமா? கொல்லைக்கு வரும் ஆறுமணிக்குருவி

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் தமிழ்நாட்டு வீட்டுக் கொல்லைகளில் அபூர்வமாக ஒரு விருந்தாளி தட்டுப்படும். பெயர் ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். மைனாவைவிடச் சிறியது, வால் மிகக் குட்டை. முதுகு பச்சை, தோளில் பளிச்சென்ற நீலம், மார்பு வெளிர்மஞ்சள், அடிவயிறு குங்குமச் சிவப்பு, தொண்டை வெள்ளை, கண்ணை ஒட்டி அகலமான கறுப்புப் பட்டை. இந்தி பேசுவோர் இதை ‘நவரங்’ என்கிறார்கள்.

நீலத்தைப் பார்த்துவிட்டு மீன்கொத்தி என்று நினைப்பவர்கள் உண்டு. பறவை எங்கே நிற்கிறது என்று கவனித்தால் குழப்பம் தீரும். மீன்கொத்தி கம்பியிலோ கிளையிலோ உட்கார்ந்து இரையைப் பார்த்துப் பாயும். ஆறுமணிக்குருவி மரநிழலில் தரையோடு தத்தித் தத்திப் போகும். அலகால் சருகைப் புரட்டிப்போட்டு, அடியில் இருக்கும் பூச்சியையும் மண்புழுவையும் கொத்தும்.

காலை ஆறு மணி வாக்கிலும் மாலை ஆறு மணி வாக்கிலும் குரல் கொடுப்பதால்தான் இந்தப் பெயர். இரண்டே சுரங்கள், தெளிவான சீழ்க்கை. பறவையைப் பார்க்காமலே, ‘வந்துவிட்டது’ என்று காதை வைத்துச் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்கும் யாருக்கும் நான் சொல்வது, முதலில் இந்தக் குரலைப் பழகிக்கொள்ளுங்கள் என்பதுதான். அடர்ந்த புதருக்குள் கண் தேடித் தோற்கும் இடத்தில் காது கண்டுபிடித்துவிடும்.

இது எங்கிருந்து வருகிறது தெரியுமா? இமயமலை அடிவாரக் காடுகள், மத்திய இந்தியா, மேற்கு இந்தியாவின் மலைக்காடுகள். தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். சுள்ளி, வேர், சருகு கொண்டு உருண்டையாகக் கட்டிப் பக்கவாட்டில் வாசல் வைத்த கூடு. மழை ஓய்ந்ததும் தெற்கே கிளம்பித் தமிழ்நாடு, கேரளம், இலங்கை வரை வந்து சேர்கிறது.

எடை ஏறக்குறைய 50, 60 கிராம். குட்டைச் சிறகு, குண்டு உடம்பு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு நாட்டின் நீளத்தைக் கடக்கிறது, அதுவும் இரவில்.

அந்த இரவுப் பயணம்தான் இதற்கு ஆபத்தும். வீட்டு விளக்கு, மாடிக் கட்டடத்தின் கண்ணாடி, புயல்காற்று, இவற்றில் ஏதோ ஒன்றில் சிக்கிக் களைத்து விழுகிறது. விடிந்ததும் பால்கனியிலோ குளியலறையிலோ துவைக்கல் ஓரத்திலோ அசையாமல் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலானவர்கள் இந்தப் பறவையை வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்ப்பது இப்படித்தான்.

அப்படிக் கிடைத்தால் என்ன செய்யலாம்? முதலில் பூனையையும் காக்கையையும் விரட்டுங்கள். காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, பறவையை மெல்ல உள்ளே விட்டு மூடி, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். பரிதாபப்பட்டு வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறும் பிரெட்டும் வேண்டாம். ஆளுக்கு ஆள் கையில் வாங்கிப் படம் எடுத்தால் அந்தப் பயத்திலேயே உயிர் போகலாம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிட்டால், செடிகள் அடர்ந்த இடத்தில் பகல் வெளிச்சத்தில் பெட்டியைத் திறந்துவிடுங்கள். சிறகு தொங்கினாலோ நிற்க முடியாவிட்டாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்துக்கொள்வது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சிங்களக் கிராமங்களில் இதற்கு ஒரு கதை உண்டு. சுயம்வரத்துக்குப் போக வேண்டும் என்று மயில் இதன் அழகான இறகுகளை இரவல் வாங்கிப் போனதாம், திருப்பித் தரவே இல்லையாம். புத்தர் வரும்போது முறையிடுவேன் என்றுதான் இன்னும் கூவிக்கொண்டிருக்கிறது என்பார்கள்.

இலங்கையில் நுவரெலியாவின் விக்டோரியா பூங்காவுக்கு, குளிர்காலத்தில் இதைப் பார்க்கவே வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். சென்னைக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம்: கிண்டி தேசியப் பூங்காவும் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டமும் இருக்கின்றன.

நம் கொல்லைக்கே வரவைக்க முடியுமா? நிச்சயம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வந்த பறவையைத் தங்கவைப்பது எது என்று சொல்ல முடியும்: சருகு. நாள் தவறாமல் கூட்டிப் பெருக்கி, சருகைக் குவித்துக் கொளுத்தி, மண் தெரியாமல் சிமென்ட் போட்ட கொல்லையில் இதற்கு ஒரு புழுகூடக் கிடைக்காது. மாமரத்தடியிலோ வேலியோரத்திலோ ஒரு மூலையை மட்டும் பெருக்காமல் விடுங்கள். சருகு மக்கினால் மண் ஈரமாகும். ஈரத்தில் மண்புழு, வண்டு, பூரான் சேரும். அங்கே பூச்சிமருந்து அடிக்காதீர்கள். தரை மட்டத்தில் ஒரு மண்தட்டில் தண்ணீர் வையுங்கள். ஆறுமணிக்குருவி வராத ஆண்டிலும் தவிட்டுக்குருவிக் கூட்டமும் செம்போத்தும் அந்த மூலையைத் தேடி வரும். சுத்தம் என்ற பெயரில் நாம் அள்ளிக் கொட்டுவது இவற்றின் சாப்பாட்டை. இதை நம் வீடுகளில் இன்னும் உரக்கப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வலசை வரும் மாதங்களில் இரவு பத்து மணிக்கு மேல் மொட்டைமாடி விளக்கையும் தோட்ட விளக்கையும் அணைத்து வைப்பதும் உதவி. பெரிய கண்ணாடிச் சன்னலுக்குத் திரை போடலாம்.

பார்த்தால் நாள், நேரம், இடம் மூன்றையும் குறித்து பறவைப் பதிவுகளுக்கான ‘இபேர்ட்’ இணையதளத்தில் பதியுங்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறை நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். சொந்தக் கொல்லையில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்ததையும் ஏற்றுக்கொள்வார்கள். தை மாதத்தில் ஆறுமணிக்குருவி இங்கேதான் இருக்கும். வடக்கே திரும்புவது சித்திரை வாக்கில்தான்.