ஏழைக்குக் கைப்பேசி எதற்கு?

“உண்ணச் சோறில்லாதவனுக்குக் கைப்பேசி ஒரு கேடா?” என்று வசதி படைத்தோர் சிலர் வினவக் கேட்கிறோம். அன்புள்ள வாசகர்களே, தீர்ப்புக் கூறுமுன் கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டைச் சற்றே நோக்குவோம்.

அந்நாட்டு ஏழை எளியோரின் கைப்பேசிச் செலவு குறித்து 2012-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அவர்களுள் ஐவரில் ஒருவர் வழக்கமான வேறு செலவைக் குறைத்தே பேச்சுக் கட்டணம் செலுத்தினர் என்று காட்டியது. பேருந்தைத் தவிர்த்தவர் உண்டு. உணவையே குறைத்தவரும் உண்டு. இதனை மடமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் வயிற்றைக் கட்டி அவர்கள் வாங்கியது எதனை?

நைரோபி நகரில் கூலி வேலை செய்த தகப்பன், முன்னாளில் வீட்டுக்குப் பணம் அனுப்பப் பேருந்து ஓட்டுநரையோ ஊர் திரும்பும் உறவினரையோ நம்பியிருந்தான். வழியில் பணம் மறைந்தால் கேட்பாரில்லை. 2007 மார்ச்சில் ‘எம்-பெசா’ என்னும் முறை வந்தது. (பெசா என்னும் சுவாகிலிச் சொல் நம் ‘பைசா’வுக்கு உறவு என்பது சுவையான செய்தி.) அவன் கைப்பேசியில் அனுப்பும் பணத்தை, வங்கி வாயிலை மிதித்தறியாத அவன் மனைவி ஊர்க் கடையிலேயே பெற்றுக்கொள்ள வழி பிறந்தது. இம்முறையால் ஏறத்தாழ 1,94,000 குடும்பங்கள் வறுமையினின்று மீண்டன எனப் பொருளியல் அறிஞர்களான தவ்நீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016-இல் கணித்தனர். பெண்ணே தலைமை தாங்கும் குடும்பங்கள் கூடுதலாகப் பயன் பெற்றன என்பது நம் நெஞ்சைத் தொட்டது.

ஆயினும் இடித்துரைக்க வேண்டியதும் உண்டு. ஏழையை அன்று, அவனிடம் விலை பெறுவோரை. பேச்சுக் கட்டணம் தீர்ந்தவர்க்குக் கடன் தரும் திட்டம் ஒன்று அங்கே எழுந்தது. ‘ஒகோவா ஜகாசி’ என்று பெயர். கப்பலைக் காப்பாற்று என்பது பொருள். புயலிடைப் படகில் சீடர்கள் எழுப்பிய கூக்குரல் நம் நினைவுக்கு வந்தது! காப்பாற்றும் கூலியோ நூற்றுக்கு 10. 2012 நவம்பரில் தொடங்கிய ‘எம்-ஷ்வாரி’ கைப்பேசிக் கடனுக்கு 30 நாளைக்கு 7.5 விழுக்காடு விதித்தனர். வட்டி என்று சொல்லவில்லை, ‘கட்டணம்’ என்றனர். கந்துவட்டிக்காரரை அறிந்த நமக்கு இக்கணக்குப் புதிதன்று: திங்கள்தோறும் புதுப்பித்தால் ஆண்டுக்கு 90.

கணவன் அனுப்பும் பணம் வந்துசேரும் அதே கருவியில்தான் இக்கடனும் காத்திருக்கிறது. நள்ளிரவில் காய்ச்சலில் துடிக்கும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய், பொத்தானை அழுத்துமுன் விழுக்காட்டைக் கணக்கிட்டுக்கொண்டா இருப்பாள்?