பேரன் கற்ற வண்ண ரகசியம்

குற்றாலம் போகிறவர்கள் எல்லோரும் அருவியில் குளிக்கிறார்கள். சித்திர சபைக்குள் நுழைகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

நடராசப் பெருமான் ஆடியதாகச் சொல்லும் ஐந்து சபைகளில் அதுவும் ஒன்று. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம். குற்றாலத்திலோ வண்ணம்! சுவரில் தீட்டிய ஓவியமாகவே அங்கே அவர் காட்சி தருகிறார்.

ஆனால் சுவர் ஓவியத்துக்கு ஈரம் ஆகாது. சாரல் அடிக்கும் ஊரில் கேட்க வேண்டுமா? நாளாக நாளாக மங்கும்.

ஈரத்துக்கு அசையாத வண்ணம் உண்டா? உண்டு. பீங்கானில் நெருப்பு எழுதும் வண்ணம் அது. இதில் ஜப்பான்காரர்கள் கைதேர்ந்தவர்கள்.

இரண்டு முறை சூளை

முதலில் பாத்திரத்துக்கு மெருகு பூசி, சுமார் 1,300 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். பாத்திரம் வெள்ளை வெளேர் என்று வரும். அதன்மேல் வண்ணத்தில் படம் எழுதுகிறார்கள். வண்ணம் என்றால் வெறும் சாயம் அல்ல. கண்ணாடித் தூள் கலந்தது. மறுபடியும் சூளை. இந்தத் தடவை சுமார் 800 டிகிரி போதும். தூள் உருகிப் பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். நம் வீட்டு எனாமல் தட்டிலும் இப்படித்தான்; அங்கே அடியில் இரும்பு, இங்கே பீங்கான்.

செம்பு கலந்தால் பச்சை. கோபால்ட் கலந்தால் நீலம். இரும்பு மஞ்சள் தரும். மாங்கனீசு ஊதா தரும். வேடிக்கை என்னவென்றால், பூசும்போது ஒரு நிறம், வெந்த பிறகு வேறு நிறம்! ஆகவே எதை எவ்வளவு சேர்ப்பது என்ற கணக்குத்தான் உயிர். அது தெரிந்தவர் சொல்லாமல் போய்விட்டால் தொழிலே போய்விடும்.

தாத்தாவும் பேரனும்

இஷிகாவா மாநிலத்தின் குத்தானி பீங்கான் 17-ஆம் நூற்றாண்டில் தோன்றியது. பறவை, பூ, மலை என்று படம் எழுதுவது வழக்கம். அந்த மாநிலத்துக் கொமாட்சு நகரில் தொக்குடா யசோகிச்சி என்ற கைவினைஞர் இருந்தார். 1956-ல் காலமாவதற்கு முன்பு வண்ணக் கணக்கைத் தம் பேரனுக்குக் கற்றுக்கொடுத்தார்.

பேரன் 1933-ல் பிறந்தவர். தாத்தாவின் கணக்கை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் தெரியுமா? படம் எழுதுவதையே விட்டுவிட்டார்!

பூ இல்லை, பறவை இல்லை. நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கியது என்று தெரியாமல் பாத்திரம் முழுவதும் வண்ணம் பரவிக் கிடக்கும். விடியற்காலை வானத்தைப் பிடித்துக் கிண்ணத்தில் ஊற்றினாற்போல் இருக்கும். இதற்காக வழக்கத்தைவிட அதிக வெப்பத்தில் சுட்டார். ஒளி ஊடுருவாத சிவப்பை ஒதுக்கினார்.

தாத்தா கொடுத்த சொத்தை இப்படியா செலவழிப்பது என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படத்தைத்தான் விட்டார், கணக்கை விடவில்லையே!

1988-ல் அவர் மூன்றாவது யசோகிச்சி ஆனார். 1997-ல் ஜப்பான் அரசு அவரை ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று கௌரவித்தது. இந்தக் கௌரவத்தோடு வருடந்தோறும் உதவித்தொகையும் உண்டு. கலையைக் காப்பதற்கும் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுப்பதற்கும்.

2009-ல் அவர் மறைந்தார். மறுவருடம் நான்காவது யசோகிச்சியாகப் பெயர் ஏற்றவர், அவருடைய மகள்!