பிழைகளைப் பதியும் ஏடு

முற்காலத்து மேனாட்டு மாலுமிகள், கயிற்றிற் கட்டிய மரக்கட்டையைக் கடலில் எறிந்து, குறித்த நேரத்துள் எத்தனை முடிச்சுகள் ஓடின என எண்ணிக் கப்பலின் வேகத்தை அறிந்தனர். ஆங்கிலத்தில் அக்கட்டைக்கு ‘லொக்’ என்று பெயர். அக்கணக்கை எழுதிய ஏடும் நாளடைவில் அப்பெயரையே பெற்றது. இன்று கணினி வல்லுநரும் தம் நிகழ்ச்சிப் பதிவேட்டை அவ்வாறே அழைக்கின்றனர்.

1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆந் திகதி, அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ‘மார்க் 2’ என்னும் கணிப்பொறி பழுதுற்றது. உள்ளே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டவர்கள், அதனை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, நேரத்தையும் குறித்துவைத்தனர். அவ்வேடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திற் பேணப்படுகின்றது.

அன்று பொறியும் அதனைப் பழுதுபார்ப்போரும் ஒரே கூடத்தில் இருந்தனர். இணையத்தளத்தின் நிலை அத்தகையதன்று. பக்கத்தை வேண்டுவோர் ஓரூரிலும், அதனை ஆக்கித்தரும் வழங்கிக் கணினி வேறோர் ஊரிலும், நிரலை எழுதியவர் பிறிதோர் இடத்திலும் இருப்பர். நள்ளிரவிற் பிழை நேர்ந்தால் அதற்குச் சாட்சி யார்? பதிவேடு ஒன்றே சாட்சி.

பிழைச் செய்தியைத் திரையிலேயே காட்டிவிட்டால் என்ன என்று சிலர் வினவலாம். அச்செய்தியில் கோப்புகள் இருக்கும் இடமும் தரவுத்தள அட்டவணைகளின் பெயர்களும் வெளிப்படக்கூடும். அவை வருகையாளருக்கு விளங்கா, தீயோருக்கோ வழிகாட்டியாகும். ஆதலின், 1995இல் ராஸ்மஸ் லேர்டோர்ஃப் வெளியிட்ட பீ.எச்.பி. மொழியில், பிழைகளைத் திரையிற் காட்டுவதற்கு ஓர் அமைப்பும், ஏட்டிற் பதிவதற்கு வேறோர் அமைப்பும் உள்ளன. மக்கள் பயன்படுத்தும் தளத்தில் முன்னதை நிறுத்திப் பின்னதை இயக்குதலே முறை. வருகையாளருக்கு ஒரு சிறு வருத்தக் குறிப்பும் ஓர் இலக்கமும் காட்டினாற் போதும். அவ்விலக்கம் ஏட்டிலும் இருப்பின், அவர் முறையிடும்போது உரிய பதிவை எளிதிற் கண்டுகொள்ளலாம்.

பதிவில் நேரம், கோப்பின் பெயர், வரியின் எண், வந்த வேண்டுகோள், பிழையின் கடுமை ஆகியன அமைதல் வேண்டும். 1980களில் எரிக் ஓல்மன் உருவாக்கிய ‘சிஸ்லொக்’ முறை, கடுமையை எட்டுப் படிகளாக வகுத்தது. 0 என்பது பேராபத்து. 7 என்பது நிரலாளரின் சோதனைக் குறிப்பு. இப்பாகுபாடு இன்றேல், சிறு குறிப்புகளின் நடுவே பெரும் ஆபத்து மறைந்துவிடும்.

எழுதத் தகாதனவும் உள. 2018 மே மாதத்தில் டுவிட்டர் நிறுவனம், பயனாளரின் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமலே தன் உட்பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தமையைக் கண்டு, ஏறத்தாழ 33 கோடிப் பேரிடம் அவற்றை மாற்றுமாறு கேட்டுக்கொண்டது. பிழையைப் பிடிக்க வைத்த ஏடே பிழைக்கு இடமாயிற்று. ஆகவே கடவுச்சொல், வங்கி அட்டை எண் முதலியவற்றை ஏட்டிற் சேர்த்தல் ஆகாது.

ஏடு பெருகி வட்டினை நிரப்பிவிடாதவாறு பழையனவற்றை அவ்வப்போது பிரித்து அகற்றுதலும், புதியனவற்றை நாள்தோறும் படித்தலும் பொறுப்பாளர் கடமையாகும்.